கேட்டுவிட்டா ஊசி போட்டார்கள்?

எக்ஸ்றே அறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நெஞ்சு எக்ஸ்றே எடுத்தால் புற்றுநோய் வருமா என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவில் ஒரு காலத்தில் நோயாளிகளுக்குத் தெரியாமலே அவர்கள் உடம்பில் புளூட்டோனியம் ஏற்றியதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்றேயை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் வலிக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: புளூட்டோனியம் அணுகுண்டு செய்யும் பொருள் அல்லவா? அதை ஆஸ்பத்திரியில் வைத்து மனிதனுக்கு ஊசியில் ஏற்றினார்கள் என்பது உண்மையா, இல்லை வாட்ஸ்அப்பில் வருகிற கதையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி)

உண்மைதான் ரீச்சர். அமெரிக்க அரசே விசாரித்து, ஒப்புக்கொண்டு, புத்தகமாக அச்சிட்ட விடயம்.

1945 மார்ச். டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் அணுகுண்டு வேலைக்காகவே இரகசியமாக ஒரு நகரம் கட்டியிருந்தார்கள். அங்கே சீமெந்து வேலை செய்த எப் கேட் என்ற கறுப்பினத் தொழிலாளி, வேலைக்குப் போகும் வழியில் வாகன விபத்தில் அகப்பட்டார். கையும் காலும் முறிந்துபோயின. மற்றப்படி திடகாத்திரமான ஆள். ஏப்ரல் 10ஆம் திகதி அவர் உடம்பில் 4.7 மைக்ரோகிராம் புளூட்டோனியம் ஏற்றினார்கள். முறிந்த எலும்பைப் பொருத்தியது அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான். பொருத்தும்போதே எலும்பில் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பல்லில் நோய் இருக்கிறது என்று 15 பற்களைப் பிடுங்கி, அவற்றிலும் புளூட்டோனியம் தேடினார்கள். பதிவேட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. எச்.பி.-12 என்ற குறியீடு மட்டும்தான்.

கால் முறிந்து வந்தவர்களை எத்தனையோ தடவை எக்ஸ்றே மேசையில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த நிலையில் மனிதன் எதற்கும் தலையாட்டுவான். "இப்படித் திரும்புங்கள்" என்றால் திரும்புவான், "மூச்சைப் பிடியுங்கள்" என்றால் பிடிப்பான், ஊசி என்றால் கையை நீட்டுவான். எதற்கு என்று கேட்கிற தெம்பு அவனிடம் இருக்காது. எப் கேட் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார் என்று பதிவு இருக்கிறது. 1953இல் இருதய நோயில் இறந்தார்.

எதற்காக இதைச் செய்தார்கள்? குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் உடம்புக்குள் புளூட்டோனியம் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு போயிருக்கிறது என்பதைச் சிறுநீரை வைத்துத்தான் கணக்குப் பார்க்க முடியும். நூறு பங்கு உள்ளே போனால் எத்தனை பங்கு சிறுநீரில் வெளியே வரும் என்பது தெரியாவிட்டால் அந்தக் கணக்கு ஓடாது. எலியில் பார்த்தார்கள், நாயில் பார்த்தார்கள். மறுகா மனிதனுக்கு வந்தார்கள். 1945 முதல் 1947 வரை 18 பேர்: ரொச்செஸ்டரில் 11, சிக்காகோவில் 3, சான் பிரான்சிஸ்கோவில் 3, ஓக் ரிட்ஜில் எப் கேட் ஒருவர்.

எப்படியும் சாகப்போகிறவர்களைத்தானே தெரிவு செய்தோம் என்று பின்னாளில் ஒரு சமாதானம் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அல்பேர்ட் ஸ்டீவன்ஸ் என்று வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒருவருக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று நினைத்து ஏற்றினார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் அது வெறும் குடற்புண். அதற்குப் பிறகும் அவரிடம் உள்ளதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் மேலும் 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1966இல் இறந்தார். அதோடும் விட்டார்களா? 1975இல் அவருடைய அஸ்தியை வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: இவ்வளவு இரகசியமாக நடந்தது எப்படி வெளியே வந்தது? அரசாங்கம் தானாகச் சொன்னதா?
(சட்டம் படிக்கும் மாணவன், கல்முனை)

எந்த அரசாங்கம் தம்பி தானாகச் சொன்னது?

1947 ஏப்ரல் 17ஆம் திகதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவில் இருந்த ஹேவுட் என்ற கேர்ணல் எழுதியது. மனிதர்களில் நடந்த பரிசோதனைகளைக் குறிப்பிடும் ஆவணம் எதையும் வெளியே விட வேண்டாம், அது மக்கள் அபிப்பிராயத்தைக் கெடுக்கும், வழக்குகளுக்கும் வழிவகுக்கும், ஆகவே "இரகசியம்" என்று முத்திரை குத்துங்கள் என்பது அதன் சாரம். எதிரி நாட்டைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. நியூரெம்பேர்க்கில் நாசி வைத்தியர்களை இதே மாதிரிக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்த அதே வருடம்! நீங்கள் சட்டம் படிக்கிறவர், இந்தத் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேசப் பாதுகாப்பு என்று பூட்டிய பெட்டியைத் திறந்தால் உள்ளே வழக்குப் பயம் இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1953இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த சார்ல்ஸ் வில்சன், மனிதரில் பரிசோதனை செய்வதானால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் அந்த உத்தரவுக்கே "அதி இரகசியம்" என்று முத்திரை குத்திவிட்டார்கள்! நோயாளியைக் காப்பாற்றும் விதி நோயாளிக்குத் தெரியக்கூடாத விதி ஆகிவிட்டது.

1986இல் எட்வேர்ட் மார்க்கி என்ற காங்கிரஸ் உறுப்பினரின் குழு, பொதுமக்களை வைத்துச் செய்த கதிரியக்கப் பரிசோதனைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. றேகன் அரசாங்கம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அறிக்கையில் எண்கள் இருந்தன, ஆட்கள் இல்லை.

ஆட்களைத் தேடிப் போனவர் எயிலீன் வெல்சம் என்ற பெண் பத்திரிகையாளர். அல்புகேர்க்கி ட்ரிபியூன் என்ற சிறிய மாகாணப் பத்திரிகையில் வேலை. 1987இல் விமானப்படைத் தளம் ஒன்றில் மிருகங்களை வைத்துச் செய்த பரிசோதனை பற்றிய அறிக்கையைப் புரட்டும்போது, அடிக்குறிப்பு ஒன்றில் மனிதருக்குப் புளூட்டோனியம் ஏற்றியதைக் கண்டார். பிறகு வருடக்கணக்கில் அதையே தோண்டினார். ஓர் ஆவணத்தில் பெயரையெல்லாம் அழித்திருந்தார்கள். "இற்றலி, ரெக்சாஸ்" என்ற ஊர்ப்பெயரை மட்டும் அழிக்க மறந்துவிட்டார்கள். அந்த ஊர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, இடது கால் எடுத்த வயதான கறுப்பினத்தவர் ஒருவரைத் தேடுகிறேன் என்றார். சின்ன ஊர். மட்டக்களப்பில் ஒரு கிராமத்துக் கடையில் கேட்டால் எப்படியோ, அப்படியே உடனே ஆளைச் சொல்லிவிட்டார்கள். எல்மர் அலன். ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். 1947 யூலை 18இல் அவருடைய காலில் புளூட்டோனியம் ஏற்றி மூன்றாம் நாள் அந்தக் காலை வெட்டி எடுத்திருந்தார்கள். வெல்சம் தேடிப்போன வேளை அவர் உயிரோடு இல்லை, 1991இல் இறந்துவிட்டார். தன்னை வைத்து வைத்தியர்கள் பரிசோதனை செய்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவரைப் பார்த்த வைத்தியர் அதை மனநோய் என்று எழுதி வைத்தார்.

1993 நவம்பரில் வெல்சமின் தொடர் வந்தது. குறியீட்டு எண்கள் பெயர்களாக, வீடுகளாக, பெண்சாதி பிள்ளைகளாக மாறின. அடுத்த மாதம் 7ஆம் திகதி எரிசக்திச் செயலாளர் ஹேசல் ஓ'லியரி பத்திரிகையாளர் முன் வந்து, இதை அறிந்து தான் அதிர்ந்துபோனதாகச் சொன்னார், ஆவணங்களைத் திறந்துவிட உத்தரவிட்டார். 1994 ஜனவரியில் ஜனாதிபதி கிளின்ரன் ஆலோசனைக் குழு ஒன்றை நியமித்தார். தலைவர் ரூத் ஃபேடன் என்ற பெண் பேராசிரியர். 1986இல் அதே உண்மை, 1993இலும் அதே உண்மை. இடையில் மாறியது பெயர் கிடைத்தது ஒன்றுதான்.

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கதிரியக்கம் கலந்த சாப்பாடு கொடுத்தார்களாமே? என் மகன் சொன்னான். எனக்கு இரவு நித்திரையே இல்லை.
(இரு பிள்ளைகளின் தாய், வாழைச்சேனை)

கொடுத்தார்கள் தங்கச்சி. மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஃபேர்னல்ட் என்ற விடுதிப் பள்ளி. புத்தி குறைந்த பிள்ளைகளுக்கானது என்று பெயர்ப்பலகை. உள்ளே இருந்தவர்களில் பலர் தாய் தகப்பனால் கைவிடப்பட்ட சாதாரணப் பிள்ளைகள். 1946 முதல் 1953 வரை எம்.ஐ.ரி. என்ற பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், குவேக்கர் ஓட்ஸ் கம்பனியின் உதவியோடு, எழுபதுக்கு மேற்பட்ட பையன்களுக்குக் கதிரியக்க இரும்பும் கல்சியமும் சேர்த்த கஞ்சியும் பாலும் கொடுத்துப் பார்த்தார்கள். தானியக் கஞ்சி குடித்தால் உடம்பு இரும்பையும் கல்சியத்தையும் எவ்வளவு உறிஞ்சும் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு "விஞ்ஞானக் கழகம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சேர்ந்தால் மேலதிகப் பால், பேஸ்போல் ஆட்டம் பார்க்கும் பயணம். பெற்றோருக்குக் கடிதமும் போனது. பிள்ளைக்கு நல்ல சத்துணவு என்ற மாதிரி எழுதியிருந்த அந்தக் கடிதத்தில் கதிரியக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இப்போது என் தொழில் புத்தியில் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அந்தக் கஞ்சியில் இருந்த கதிரியக்கம் மிகக் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சாப்பிடும் சோற்றிலிருந்தும் ஒரு வருடத்தில் ஒரு மனிதனுக்கு வருவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவேர்ட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு). அந்தப் பிள்ளைகளுக்குக் கூடிப்போனால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் போயிருக்கும். அதனால் அவர்களுக்கு நோய் வந்தது என்று நிரூபிக்க ஒருவராலும் முடியவில்லை.

அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் பிடித்த கேள்வி இதுதான்: "தீங்கு வந்ததா? காட்டு பார்க்கலாம்!" இந்தக் கேள்விக்குள் போனால் அவர்கள் வென்றுவிடுவார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு வந்த ஒரு புற்றுநோய் கஞ்சியால் வந்ததா, சிகரெட்டால் வந்ததா, தானாக வந்ததா என்று யார் சொல்வது? நான் கேட்கிற கேள்வி வேறு. பிள்ளையிடமோ பெற்றோரிடமோ உள்ளதைச் சொல்லிக் கேட்டார்களா? அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, அந்தக் கடிதம் ஒன்றே போதும். 1998இல் எம்.ஐ.ரி.யும் குவேக்கரும் சேர்ந்து 18.5 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் சாப்பாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: அணுகுண்டு பரிசோதனையில் மீன்பிடிப் படகு ஒன்று மாட்டியதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் இதில் சேருமா?
(கடற்றொழிலாளர், கல்குடா)

படகு ஜப்பானுடையது, பெயர் ஐந்தாம் இலக்க லக்கி டிராகன். 1954 மார்ச் 1ஆம் திகதி பசுபிக் கடலில் பிகினி என்ற பவளத்தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டு வெடித்தது. 15 மெகாதொன். ஹிரோஷிமா குண்டைப் போல் ஆயிரம் மடங்கு. விடிகாலையில் மேற்கே சூரியன் உதித்த மாதிரி இருந்தது என்றும், சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் மழைபோலக் கொட்டியது என்றும் படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். 23 பேரும் நோயாகிக் கரை சேர்ந்தார்கள். வானொலி இயக்குநர் குபோயாமா செப்ரெம்பரில் இறந்தார். அமெரிக்கா 20 இலட்சம் டொலர் கொடுத்தது, ஆனால் சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமல், கருணையின் பேரில்! நம்முடைய வலையை அறுத்துப்போகிற பெரிய படகுக்காரன் "பாவம், வைத்துக்கொள்" என்று ஆயிரம் ரூபாயை எறிந்துவிட்டுப் போவதும் இதே கணக்குத்தான்.

படகைவிட மோசம் அருகே இருந்த ரொங்கெலாப் தீவு மக்களின் கதி. சாம்பல் விழுந்து ஏறத்தாழ இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை ஏற்றிப் போனார்கள். 1957இல் திரும்பவும் அதே தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மக்கள் வாழ்வது கதிரியக்கம் பற்றிய மிகப் பெறுமதியான தகவலைத் தரும் என்று அமெரிக்க ஆய்வுகூட அறிக்கையிலேயே எழுதினார்கள். ஊசி இல்லாமலே செய்த பரிசோதனை என்று நான் இதைச் சொல்வேன். 1985இல் அந்த மக்கள் தாங்களாகவே தீவை விட்டு வெளியேறினார்கள், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பலில்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை, இங்கிலாந்தில் அப்படி நடக்காது என்கிறாள். சரியா?
(தபாலக ஓய்வூதியர், காரைதீவு)

மகளிடம் கொவன்ற்றி நகரத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். 1969இல் அங்கே தெற்காசியப் பெண்கள், அநேகமாகப் பஞ்சாபிகள், 21 பேருக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இந்தப் பெண்களிடையே இரத்தச்சோகை அதிகம் என்று அதைப் பற்றிய ஆராய்ச்சி. சப்பாத்தி சாப்பிட்டவர்களைப் பிறகு ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏற்றிப்போய் உடம்பில் எவ்வளவு நின்றிருக்கிறது என்று அளந்தார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது.

1995இல் ஒரு தொலைக்காட்சி விவரணம் வந்தபோதுதான் விடயம் பெரிதாயிற்று. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விசாரணை வைத்து, கதிரியக்கம் குறைவு, ஆபத்து குறைவு என்றது. பார்த்தீர்களா, அதே பல்லவி! 2023இல் கொவன்ற்றி நாடாளுமன்ற உறுப்பினர் தாய்வோ ஒவாதெமி மறுபடி விசாரணை கேட்டார். அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் தேடிப்பிடிக்கும் வேலையே அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. ஐம்பத்து நான்கு வருடம் கழித்து!

எனக்கு இதில் ஆத்திரம் வருவது சப்பாத்தியை நினைக்கும்போதுதான். அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் வைத்தியர் சொன்னார் என்று ஒரு சாப்பாட்டைக் கொடுத்தால், அவள் மறுப்பாளா? விருந்தாளியாகப் போய்ச் செய்த வேலை இது.

கேள்வி: ஆணைக்குழு என்றாலே எங்களுக்குச் சிரிப்பு. கிழக்கில் எத்தனை ஆணைக்குழுவின் முன்னால் போய் இருந்து அழுதிருப்போம்! அமெரிக்கக் குழு மட்டும் என்ன கிழித்தது? ஒருவனாவது மறியலுக்குப் போனானா?
(பெயர் வேண்டாம், ஏறாவூர்)

ஒருவரும் போகவில்லை காக்கா.

ஆனாலும் அந்தக் குழு செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1944 முதல் 1974 வரை நடந்தவற்றைத் தோண்டி, ஏறத்தாழ 4000 பரிசோதனைகள் இருந்ததாகக் கண்டது. பெரும்பாலானவை சிறிய அளவுக் கதிரியக்கத்தோடு செய்தவை என்பதையும் மறைக்காமல் எழுதியது. ஒரேகன், வோஷிங்ரன் மாநிலச் சிறைகளில் 131 கைதிகளின் விதைப்பையில் கதிர் பாய்ச்சியது, சின்சினாட்டியில் 1960 முதல் 1971 வரை ஏறத்தாழ 90 புற்றுநோயாளிகளுக்கு உடம்பு முழுவதும் கதிர் பாய்ச்சியது, எல்லாம் புத்தகத்தில் ஏறின. சின்சினாட்டிக்காரர்களில் பெரும்பகுதி ஏழைக் கறுப்பினத்தவர்கள். காசு கொடுத்தது பாதுகாப்பு அமைச்சு. அணுயுத்தம் வந்தால் படைவீரன் எவ்வளவு தாங்குவான் என்று அறிவதில்தான் அமைச்சுக்கு அக்கறை. ஒன்றே முக்கால் வருடத்தில் வேலை முடிந்து, அறிக்கை யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி வெளியே வந்தது. நாங்கள் சாட்சி சொன்ன இடங்களில் சாட்சி சொன்னவனுக்கு அறிக்கையின் ஒரு கொப்பி கிடைக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

1995 ஒக்ரோபர் 3ஆம் திகதி கிளின்ரன் அறிக்கையைக் கையில் வாங்கி, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குத்தான் அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்த, முன்னாள் விளையாட்டு நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன்மேல் போட்ட கொலை வழக்கின் தீர்ப்பும் வந்தது. மறுநாள் பத்திரிகைகளில் எதற்கு இடம் கிடைத்திருக்கும்!

குழுவின் பலவீனம் நட்டஈட்டில். அவமானத்துக்கோ வழக்குக்கோ பயந்து அரசு உண்மையை ஒளித்தவர்களுக்கும், நோய்க்குப் பலன் தராத பரிசோதனையால் உடம்பில் காயப்பட்டவர்களுக்கும் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டியது. மற்றவர்கள் மன்னிப்போடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1996 நவம்பரில் 12 குடும்பங்களுக்கு 48 இலட்சம் டொலர், குடும்பத்துக்கு 4 இலட்சம். சின்சினாட்டிக் குடும்பங்கள் நீதிமன்றம் போய் 1999இல் 54 இலட்சம் டொலரும் ஆஸ்பத்திரியில் ஒரு நினைவுப் பலகையும் வாங்கின. யுரேனியம் தோண்டிய நவஹோ பழங்குடி மக்களுக்கும் குண்டுப் பரிசோதனைப் புழுதி விழுந்த ஊர்களுக்கும் 1990இல் தனிச் சட்டம் போட்டார்கள். 2024இல் அதைக் காலாவதியாக விட்டுவிட்டு, 2025இல் தொகையைக் கூட்டித் திரும்பவும் உயிர்ப்பித்தார்கள்.

மறியல் இல்லாததற்குக் காரணம் கேட்டால் பலர் இறந்துவிட்டார்கள் என்பார்கள். எல்லோரும் இறக்கவில்லை. சின்சினாட்டி வைத்தியர் உயிரோடுதான் இருந்தார். அந்தக் காலத்து வழக்கத்தை வைத்துத்தான் அந்தக் காலத்து ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாதம் ஓடியது. நான் அதை ஏற்கவில்லை. கேர்ணல் ஹேவுட் தவறு என்று தெரியாமலா வழக்குக்குப் பயந்தார்?

கேள்வி: எக்ஸ்றே அறையில் காலம் கழித்தவர் நீங்கள். உங்களுக்கு ஏதும் வரவில்லையா?
(வாசகி, திருக்கோவில்)

தலைமுடி போய்விட்டது அம்மா, ஆனால் அது பரம்பரை.

சட்டையில் ஒரு சின்ன பட்ஜ் குத்தித்தான் வேலை செய்வோம். அதற்குள் இருக்கும் ஃபிலிம் எங்கள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்துகொள்ளும். அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை உறையில் போட்டு அனுப்புவோம். ஓரிடத்தில் வேலை செய்த காலத்தில் பட்ஜ் ஒழுங்காகப் போகும், அளவு திரும்பி வராது. கேட்டால் "கூடினால் அறிவிப்போம்" என்பார்கள். அறிவிப்பு வரவில்லை, ஆகவே கூடவில்லை என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். என்னோடு இருந்த இருட்டறைப் பையன், ஃபிலிம் கழுவிக் கம்பியில் காயப்போடுகிறவன், ஒருநாள் "என் உடம்புக் கணக்கு என்னிடம் இல்லாமல் அவர்களிடம் எதற்கு?" என்று கேட்டான். அவனுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. எழுதிக் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். அளவு குறைவாகத்தான் இருந்தது.

கேள்வி: தைரொயிட் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்தபின் என் அம்மாவுக்குக் கதிரியக்க அயடின் கொடுத்து, தனி அறையில் சில நாள் வைத்திருந்தார்கள். எங்களைக் கிட்டவும் விடவில்லை. கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார்கள். அது தமிழில் இல்லை. நீங்கள் எழுதியதை வாசித்ததும் பயமாக இருக்கிறது. அம்மாவையும் பரிசோதனைக்குப் பயன்படுத்தியிருப்பார்களா?
(மகன், அக்கரைப்பற்று)

பயப்பட வேண்டாம் தம்பி. அம்மாவுக்குக் கிடைத்தது உலகம் முழுக்கப் பல பத்து வருடமாகச் செய்து வரும் சிகிச்சை. தைரொயிட் சுரப்பி அயடினைத் தேடி இழுத்துக்கொள்ளும். ஒப்பரேஷனில் எடுத்தது போக மிச்சம் இருக்கும் துணுக்குகளும் அப்படியே இழுக்கும். கதிரியக்க அயடின் அங்கே போய் அவற்றை அழிக்கும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும், இன்னொரு எட்டு நாளில் அதில் பாதி. தனி அறையில் வைத்தது உங்களைப் பாதுகாக்க. சிறுநீரிலும் வியர்வையிலும் எச்சிலிலும் அது வெளியே வரும், அதனால்தான் கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றச் சொல்வதும், பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்பதும். எப் கேட்டின் உடம்பில் ஏற்றியது அவருக்காக ஏற்றியதல்ல. அம்மாவுக்குக் கொடுத்தது அம்மாவுக்காக.

ஆனால் அந்தத் தாள் விடயத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் வாங்கிய ஒப்பத்தை நான் ஒப்பமாகவே எண்ணமாட்டேன். சிகிச்சை நல்லதாக இருந்தாலும் சரி. எக்ஸ்றே அறை வாசலில் நின்று, தாதி அவசரத்தில் "இஞ்ச வையுங்க" என்று விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மகன், அதில என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்ட தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். தாதியிலும் பிழை சொல்ல முடியாது, அவர் கையில் கொடுத்த படிவம் அதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். அங்கே உள்ள தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னொருவரின் வைத்தியப் பதிவை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் தரமாட்டார்கள், ஆகவே அம்மாவின் ஒப்பத்தோடு ஒரு கடிதத்தை இணையுங்கள். மூன்று விடயம் கேளுங்கள்: அம்மா ஒப்பமிட்ட தாளின் பிரதி, கொடுத்த அயடினின் அளவு, அந்தப் படிவத்தின் தமிழ்ப் பிரதி ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்பது. மூன்றாவதை விட்டுவிட வேண்டாம், அடுத்த தாய்க்கு அதுதான் உதவும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைக் கையில் கொடுத்தால் கிடைத்ததற்கு ஒரு துண்டு எழுதி வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம். தாளில் வருகிற பதில் வேறு மொழியில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.